பக்கத்து வீட்டில் கேட்ட குரல்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. ஆனாலும் மத்தியானமானால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் குடியேறிய பியர்பொன்ட்ஸ் ஊரில் எங்களுக்கு அயலில் தனியாக இருக்கும் வெள்ளைக்காரக் கிழவி எலனோர், அவர் உள்ளே போனதும் திரைச்சீலையை இழுத்து மூடுவாள்.

"வாய் பேசேலாத மனுசனோட அவளுக்கு என்ன கதை? சொத்து ஏதும் எழுதி வாங்கத்தான் பாக்கிறாள்," என்றேன் மனைவியிடம்.

"சந்தேகமெண்டால் போய்ப் பாருங்கோவன்."

ஒருநாள் தட்டாமலே உள்ளே போனேன். இருட்டறையில், தொலைக்காட்சியில் பழைய அமெரிக்க நேரடி நிகழ்ச்சியொன்றின் பதிவு கறுப்பு வெள்ளையில் ஓடியது. ஒரு பாட்டை, அதை எழுதியவரே பியானோ வாசித்துப் பாடினார். நடுவில் ஒரு வரி மறந்துவிட, சிரித்துச் சமாளித்துத் தொடர்ந்தார். அவரோடு சேர்ந்து அப்பாவும் பாடிக்கொண்டிருந்தார்! குழறலாகத்தான், ஆனால் சொற்கள் விளங்கின.

"பேச்சுப் போனாலும் சிலருக்குப் பாட்டு மிஞ்சும்," என்று எலனோர் ஆங்கிலத்தில் சொன்னார். "எழுதியவரே தடுமாறுவதைப் பார்த்த பிறகுதான் உன் அப்பா வாய் திறந்தார்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா உட்காரும்படி பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார்.

வீட்டில் அவர் ஒரு சொல்லுக்குத் திணறினாலே, பொறுக்காமல் நானே சொல்லி முடித்துவிடுவேன். அவருக்குச் சொல் வரும்வரை காத்திருக்க அந்த வீட்டில்தான் ஆள் இருந்தது.