குதிரைக்கு வலிக்குமான்னு கேட்ட சவாரி

குதிரை உதைக்கும்னுதான் ஜட்காக்காரனப் பாத்து ஊரு பரிதாபப்படுது. குதிரை எப்பவாச்சும் உதைக்கும், சவாரி தெனம் உதைக்கும். ஸ்ரீரங்கத்துக்கும் டவுனுக்கும் நடுவுல பேச்சு சவாரி ஏத்திக் காது கிழிஞ்ச கூட்டாளிங்களே, கேளுங்க. எனக்கு வாய்ச்சது காலேஜுல தத்துவம் சொல்லிக்குடுக்கிற சாமி. நம்மூரு தத்துவம்னா உபன்யாசத்துல கேட்டதுதானேன்னு தலையாட்டிருப்பேன். இது சீமையிலேருந்து கப்பல்ல வந்த புதுசு.

நகர மாட்டேன்னாரு

ஜட்காவுல பாரம் முன்னயும் பின்னயும் சமமா நிக்கணும். ஆளு முன்னால வந்துட்டா அத்தனை கனமும் சேணத்து வழியா குதிரை முதுகுல இறங்கும். இந்த சாமிக்கு என் காதை ஒட்டி உக்காந்தாத்தான் பேச்சு வரும். என் குதிரை ராணி முதுகுல அணா அகலத்துக்குப் புண்ணு. "சாமி, பின்னால நகருங்க, அதுக்கு வலிக்குது"ன்னேன். ஒரு விரக்கடை நகரல. "தோல் துடிக்கறது, காது மடங்கறது, அதைப் பாக்கறோம். உள்ளே வலின்னு ஒண்ணு இருக்குன்னு நோக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுர்ருன்னுச்சு. "ஒங்களுக்குப் பசிக்குதுன்னு வீட்டம்மா எப்படித் தெரிஞ்சுக்கிட்டு சோறு போடுறாங்க?"ன்னேன். மனுசன் தொடையத் தட்டிச் சிரிச்சாரு. "பேஷ்! அதுவும் அவளுக்குத் தெரியாதுடாப்பா!"

அது என் வண்டியே இல்லையாம்

வருசா வருசம் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வண்டியப் பாத்து முத்திரை போடுவாரு. அன்னிக்குன்னு சாமியும் பக்கத்துல நின்னாரு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா? போன வருசம் சக்கரம் மாத்தினேன், பொங்கலுக்குக் கூண்டு மாத்தினேன், இப்ப குதிரையப் பூட்டுற ஏர்க்காலும் புதுசுன்னு பீத்திக்கிட்டேன். சாமி கண்ணு பளிச்சுன்னுச்சு. "எல்லாமே மாறிடுத்தே! இது அதே வண்டின்னு எதை வெச்சு சொல்றே?"

எடுத்த முத்திரையப் பைக்குள்ள போட்டுட்டாரு இன்ஸ்பெக்டர். "காலேஜு வாத்தியாரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னய்யா? புது வண்டின்னு புது மனு எழுதிக் கொண்டா."

பாலத்து மேடு

நாலு நாள் வண்டி படுத்துச்சு. அந்த நாலு நாள்ல ராணி புண்ணு காஞ்சு பொருக்குத் தட்டுச்சு. முத்திரை வாங்கின அன்னிக்கே பூட்டிட்டேன். காவேரிப் பாலத்து மேடு ஏறுறப்ப சாமி ஏதோ சொல்ல முன்னால வந்தாரு. பொருக்கு பிஞ்சு ரத்தம். ராணி அப்படியே நின்னுருச்சு.

வந்த ஆத்திரத்துல சவுக்கக் கீழ வீசினேன். "படிச்சுப் படிச்சு சொன்னேனே, இது யாரு தப்பு?" சாமிக்குக் குரல்கூட ஏறல. "நான் நகர்ந்ததுக்கு ஒரு காரணம், அதுக்கு முன்னாடி இன்னொரு காரணம். எல்லாம் முன்னமே முடிவானதுன்னா என்னைத் திட்டறதுல என்னடா அர்த்தம்?" "அப்ப பரீட்சையில பையங்கள எதுக்குப் பெயில் போடுறீங்க?"ன்னு கத்தினேன், மாம்பழச்சாலை வரைக்கும் கேட்டிருக்கும். அவரு கண்ணாடியத் தொடச்சுக்கிட்டாரு. "ரொம்ப நல்ல கேள்வி. கிளாஸ்ல கேக்கறேன்."

வீட்டம்மா இறங்கினாங்க

அந்த ரத்தத்தப் பாத்துட்டு நீங்களா இருந்தா மறுநாள் பூட்டிருக்க மாட்டீங்க. நான் பூட்டினேன். புண்ணு மேல துணிய மடிச்சு வச்சுப் பூட்டினேன். அன்னிக்கு சாமியோட வீட்டம்மாவும் ஏறினாங்க. அதே மேட்டுல ராணி முதுகு நடுங்குச்சு. அந்தம்மா இறங்கி நடந்தாங்க. "எதுக்கு இறங்கறே? அதுக்கு வலிக்கறதான்னே இன்னும் தெரியலையே"ன்னாரு சாமி. அந்தம்மா திரும்பி, "ஏன்னா, சந்தேகம்தானே? அதை நடந்துண்டே படுங்கோளேன். அது முதுகுல உக்காந்துண்டுதான் படணுமா?"

சாமி இறங்குறதுக்குச் செருப்பத் தேடினாரு. எனக்குக் கொண்டாட்டம், விசிலே அடிச்சிருப்பேன். அதுக்குள்ள அந்தம்மா ராணி பக்கம் வந்து அந்தத் துணியத் தூக்கிப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க. "அவருக்குத்தான் தெரியாது. நோக்குத் தெரியுமோல்லியோ, நீ ஏன் பூட்டினே?"

பாலத்து மேலேயே ராணிய அவுத்து வண்டிக்குப் பின்னால கட்டிட்டு, ஏர்க்காலை நானே புடிச்சு காலேஜு வரைக்கும் இழுத்தேன். கூடவே நடந்து வந்த சாமி ஆயிரம் கேள்வி கேட்டாரு, எனக்கு வலிக்குதான்னு மட்டும் கேக்கல.