பூட்டுக்காரர் வரும்வரை

பிரெஞ்சில் ஒரு வசனம் பேசுவதற்கு முன்னால் கௌசலா அதை விரலில் எண்ணிப் பார்ப்பாள். வலதுகைப் பெருவிரல் சுண்டுவிரலின் அடி இறையில், அந்த மடிப்புக் கோட்டில், தொடங்கும். ஒரு சொல்லுக்கு ஓர் இறை. மோதிரவிரலைத் தாண்டும்போது, சொல்லப்போகும் பொருள் ஆண்பாலா பெண்பாலா என்று சந்தேகம் வந்து பெருவிரல் நின்றுவிடும். மறுபடியும் சுண்டுவிரல். கை ஜக்கெட் பைக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஒருவழியாக ஆள்காட்டிவிரல் நுனிக்கு வந்து வாயைத் திறக்கும்போது எதிரில் நிற்பவர் ஆங்கிலத்துக்கு மாறியிருப்பார்.

பரீட்சைக்காரர் மாறமாட்டார். அவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் அவள் இரண்டு தடவை தோற்றிருந்தாள்.

திருகோணமலையிலிருந்து, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்குப் படிக்க வந்து ஆறு வருடம். இப்போது டோர்வல் விமான நிலையத்தடியில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. வேலை அனுமதி ஆவணியோடு முடிகிறது. நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சையில் ஏழாம் நிலை எடுக்க வேண்டும். இரண்டு தடவையும் ஐந்துதான் வந்தது. மூன்றாவது பரீட்சை பங்குனிக் கடைசி வியாழக்கிழமை. அதிலும் தவறினால் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவள் மூன்று தமிழ்ப் பெண்களோடு இருந்தாள். கட்டிலிலிருந்து கடைவரை அங்கே பிரெஞ்சுக்கு வேலையில்லை. பிரெஞ்சு வகுப்பு ஆசிரியைதான் விருந்தினர் விடுதி நடத்தும் மதாம் உகெத்திடம் சொல்லி இந்த ஏற்பாட்டைச் செய்தார்.

மதாமுடையது விக்டோரியா காலத்துக் கல்வீடு. அவரும் காலஞ்சென்ற கணவரும் பதினொரு வருடம் பாடுபட்டு அதைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பழம்பொருள் கடை கடையாக அலைந்து வாங்கிய பித்தளைப் பூட்டுகள், பீங்கான் குமிழ்கள், பூ வெட்டிய கண்ணாடி பதித்த கதவுகள். நான்கு அறைகளில் விருந்தாளிகள் தங்குவார்கள். காலைச் சாப்பாடு மதாமின் கையால். கௌசலா இரண்டு கிழமை கூரையறையில் இருக்கலாம், காலையில் மேசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: இந்தக் கூரைக்குக் கீழே பிரெஞ்சைத் தவிர வேறு மொழி கிடையாது. போன் வாசல் மேசைக் கூடையில் கிடக்கும். போன மாரியில் ஒரு பிரேசில் பெண் குசினியில் நின்று தாயோடு போர்த்துக்கீசில் பேசினாள், அன்று பின்னேரமே பெட்டியோடு அனுப்பிவிட்டேன் என்று மதாம் முதல்நாளே சொல்லிவைத்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கூரையறையின் ஜன்னல் திறக்காது. நூற்று முப்பது வருடப் பூச்சு அதைச் சட்டத்தோடு ஒட்டவைத்திருந்தது. வெளியே பனி கரைந்து சொட்டுவது தெரியும், சத்தம் கேட்காது. படிக்கட்டின் இருபத்திரண்டு பலகைகளும் இருபத்திரண்டு குரலில் முனகும். இரவில் தண்ணீர் குடிக்க இறங்கினால் கீழேயிருந்து “கௌசலா?” என்று மதாமின் குரல் வரும். அதற்கு ஒரு வசனம் வேண்டும். அவள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். அம்மாவோடு கதைக்க வேண்டுமென்றால் தெருமுனை டெப்பனர் சில்லறைக்கடை வாசலில், குளிரில் கால் மாற்றி நின்று கதைப்பாள்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறு பின்னேரம் ஸ்கார்பரோவிலிருந்து அரியரத்தினமும் மரியம்மாவும் வந்து சேர்ந்தார்கள். மட்டக்களப்பு ஆட்கள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் என்று மகள் பரிசாக ஒழுங்குசெய்த மூன்று இரவு. மறுநாள் காலை கௌசலா தட்டை வைத்ததும் மரியம்மா முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

“புள்ள, நீ தமிழா?”

மதாம் கோப்பிக் குடுவையோடு பின்னால் நின்றார்.

“பர்தோன், மதாம்?” என்றாள் கௌசலா.

விரலில் எண்ணாமல் வந்த முதல் பிரெஞ்சு அது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

“தமிழ் இல்லையாம்,” என்றார் மரியம்மா கணவரிடம். “மொரீஷியஸாக்கும்.”

“கேட்ட கேள்வியே அதுக்கு விளங்கல்ல. நீ அதுக்குள்ள நாடும் குடுத்திட்டாய். சாப்பிடு.”

“வடிவான புள்ள. முகத்திலதான் ஒரு சிரிப்பில்ல. பல்லில ஏதும் பிழையோ தெரியா.”

“உன்னைக் கண்டாப் பிறகு ஆருக்குச் சிரிப்பு வரும்.”

“முப்பத்தஞ்சு வருசமா நீங்க மட்டும் இளிச்சுக்கொண்டுதானே இருக்கிறீங்க.”

கௌசலா குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று சிரித்து முடித்தாள். பிறகு பயம் பிடித்தது. இனி எப்படித் தமிழ் என்று சொல்வது? சொன்னால் மதாம் அனுப்பிவிடுவார். மதாம் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லலாமென்றால், ஒவ்வொரு மணித்தியாலமும் அவள் கேட்கக்கூடாத இன்னொன்றைக் கேட்டுத் தொலைத்தாள். மருமகனைப் பற்றி மரியம்மாவுக்கு உண்மையில் என்ன அபிப்பிராயம் என்பது காதில் விழுந்தது. அவருடைய முன்வாய்ப் பற்கள் இரண்டும் கட்டினவை என்பதும் விழுந்தது. செவ்வாய் காலை, மதாம் சுட்ட மெல்லிய அப்பத்தைக் கிள்ளியபடி, “இதுக்கொரு சம்பல் இருந்தா எப்பிடி இருக்கும்” என்று மரியம்மா பெருமூச்சு விட்டதையும் கேட்டாள். மேலே அவளுடைய பெட்டிக்குள் ஒரு போத்தல் கட்டச்சம்பல் இருந்தது. அவள் மேப்பிள் பாகை எடுத்து அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

புதன்கிழமை காலை, அவர்கள் புறப்படும் நாள், இரண்டாம் மாடிக் குளியலறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

“மரியம். இந்தக் குமிழ் சும்மா சுத்துது.”

மதாம் ஓடிவந்து கதவடியில் நின்று, குமிழை உயர்த்திப் பிடித்தபடி இடப்பக்கம் திருப்பச் சொல்லிப் பிரெஞ்சில் கத்தினார். உள்ளே குமிழ் சுற்றிக்கொண்டேயிருந்தது. மரியம்மா மதாமின் கையைப் பிடித்தார். “அவருக்கு நீங்க சொல்றது விளங்காதம்மா.” அவர் சொன்னது மதாமுக்கும் விளங்கவில்லை.

“ஐயா,” என்றாள் கௌசலா. “குமிழை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு இடப்பக்கமாத் திருப்புங்க.”

எல்லாச் சத்தமும் நின்றது. கதவுக்குப் பின்னாலும் நின்றது.

“அடி கள்ளி,” என்றார் மரியம்மா மெதுவாக. “மூண்டு நாளா உனக்கு முன்னால நான் என்னவெல்லாம் கதைச்சுப்போட்டன்.”

கௌசலா மதாமைப் பார்த்தாள். மதாமின் கண் ஒரு கணம் அவள் மேல் நின்றது. பிறகு, “உள்ளே பூட்டின் நாக்கு உடைந்திருக்கிறதா என்று கேள்,” என்றார்.

உடைந்திருந்தது. மதாம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் லொங்குய்யிலிருக்கும் பூட்டுக்காரருக்கு அழைத்தார். பாலம் நெரிசலாம், நாற்பது நிமிடமாகும். அந்த நாற்பது நிமிடமும் கௌசலா கதவுக்கும் மதாமுக்கும் நடுவில் தரையில் குந்தியிருந்தாள். தமிழ் உள்ளே போக, பிரெஞ்சு வெளியே வந்தது. ஆண்பாலா பெண்பாலா என்று பார்க்க நேரமிருக்கவில்லை.

“எவ்வளவு நேரமாம் புள்ள?”

“அரை மணித்தியாலமாம் ஐயா.”

“வீட்டில உள்ளுக்குப் போனா பேப்பரோட ஒரு மணித்தியாலம் இருக்கிற மனிசன்,” என்றார் மரியம்மா. “இண்டைக்குப் பத்து நிமிசத்தில அந்தரப்படுறார்.”

“பேப்பரை உள்ளுக்குத் தள்ளன், இருக்கிறன்.”

கௌசலா அதையும் மொழிபெயர்த்தாள். மதாம் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவளுடைய வசனம் ஒன்றுக்கு யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உற்சாகம் ஏறியது.

கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து குரல் வந்தது. “புள்ள, கதவை உடைக்கச் சொல்லு. நான் புதுசு போட்டுத் தாறன்.”

அவள் சொன்னாள். மதாம் கதவின் கண்ணாடிப் பூவில் கையை வைத்துக்கொண்டு பதில் சொன்னார். கௌசலா சிரிப்போடு அதைத் தமிழாக்கினாள். “உங்களை விடக் கதவுக்கு வயசு கூடவாம் ஐயா. அதுக்குத்தான் இந்த வீட்டில முதல் மரியாதையாம்.”

உள்ளே கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, மூத்தவங்க சொன்னாக் கேக்கத்தானே வேணும்,” என்று வந்தது. மரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

பூட்டுக்காரர் வந்து இரண்டு நிமிடத்தில் திறந்தார். அரியரத்தினம் தோளில் துவாயோடு வெளியே வந்து எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். கதவடியிலேயே அவளுடைய பரீட்சைக் கதையையும் கேட்டறிந்திருந்த மரியம்மா, போகும்போது தன் போன் இலக்கத்தை ஒரு பேப்பர் நப்கினில் எழுதிக் கொடுத்து, “பரீட்சை முடிவைச் சொல்லோணும். சொல்லாம விட்டியோ, வந்து திரும்பவும் பூட்டுக்குள்ள இருப்பம்,” என்றார். மதாம் அன்று முழுக்க நிபந்தனையைப் பற்றி வாய்திறக்கவில்லை.

வியாழக்கிழமை பரீட்சைக்காரர் கேட்டது: பயணத்தில் நடந்த எதிர்பாராத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். கௌசலா குளியலறைக் கதவைச் சொன்னாள். தான் தமிழில்லை என்று நடித்ததையும், சம்பல் போத்தலையும், பேப்பரையும் சொன்னாள். கதவின் வயதுக்கு வந்தபோது அந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

முடிவு வர ஐந்து கிழமையானது. எட்டாம் நிலை. டோர்வல் பஸ்ஸுக்குள்ளிருந்தே அவள் மரியம்மாவுக்கு அழைத்தாள்.

“கடவுளே, நல்லதா வந்திருக்கு புள்ள,” என்றார் மரியம்மா. குரல் களைத்திருந்தது. “அவரிட்டச் சொல்றன். இப்பதான் கொஞ்சம் எழும்பி நடக்கிறார்.”

“ஐயாவுக்கு என்ன?”

“உனக்கெப்பிடித் தெரியும். றெயின்ல வரக்குள்ளயே ஆள் வெள்ளையாப் போயிட்டார். இறங்கின கையோட ஆஸ்பத்திரி. நெஞ்சுக்குள்ள ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்காங்க. டொக்டர் கேக்கக்குள்ளதான் சொன்னவர். அந்தப் பாத்ரூமுக்குள்ளயே தொடங்கிட்டுதாம். இடக்கை விறைச்சு, வேர்த்து, தொட்டி விளிம்பில பிடிச்சுக்கொண்டு இருந்தவராம். கதவை உடைக்கச் சொல்லு எண்டு கேட்டவரெல்லே, அது பகிடிக்கு இல்லையாம் புள்ள.”