மயிலாத்தாள் கழுவிய தரை

மயிலாத்தாளுக்குத் தரையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மனிதர்களைப் பற்றித் தெரியாது என்பார்கள். ஏன் தெரியாது, நன்றாகவே தெரியும். அதனால்தான் அத்தனை எரிச்சல்.

பனியன் கம்பெனிகளுக்கு எப்பாக்சி தரை போடும் சசிகுமாரிடம் அவள் கழுவுகிற ஆள். எப்பாக்சி என்பது ஊற்றி இழுக்கும் பூச்சு. காய்ந்தால் தரை பளபளவென்று மின்னும். அடியில் துளி எண்ணெயோ ஈரமோ இருந்தால் போச்சு, அப்பளம் மாதிரி எழும்பி உரியும். அப்போது பூசியவனை யாரும் கேட்பதில்லை. கழுவியவள் சரியில்லை என்பார்கள். சித்திரையில் ஒரு கம்பெனியில் அப்படி உரிந்தது. இன்னொரு தடவை ஆனால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று சசிகுமார் சொல்லிவிட்டான்.

2007 ஆவணியில் வேலம்பாளையம் லிங்கசாமி கம்பெனி வேலை வந்தது. பதினைந்து வருடம் தையல் மெஷின் எண்ணெய் குடித்த தரை. மயிலாத்தாள் தரையைச் சுரண்டும் கல் மெஷின் ஓட்டினாள், முட்டி போட்டு சோப்புத் தண்ணீரில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள், மூன்று முறை அலசினாள். கதவைச் சாத்தினால் எவனாவது திறந்தான். துணி வெட்டும் கட்டிங் பக்கமிருந்து பஞ்சு பறந்து வந்தது. செருப்பைக் கழட்டச் சொன்னால் கழட்டிவிட்டு எண்ணெய்க் காலோடு நடந்தார்கள். பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டி வைத்து, மறுநாள் பிரித்து, அடியில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை சசிகுமார் வெளியே பூச்சைக் கலக்க ஆரம்பித்தான். அவள் முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தால், முதலாளி சம்சாரம் சாரதாமணி கன்னிமூலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் தட்டோடு நிற்கிறாள். விளக்கைத் தூக்கும்போது நல்லெண்ணெய் சிந்தியிருக்கிறது. பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மேலே விபூதியும் தூவியாயிற்று.

“ஏனுங்கம்மா, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கறீங்க?”

“அதுதான் தொடச்சுட்டனே மயிலா. சாமி கும்பிடாம வேலை ஆரம்பிக்க முடியுமா?”

“தொடச்சா எண்ணெய் போயிருமுங்களா? இன்னும் நாலடிக்கு இழுத்து உட்டிருக்கறீங்க!”

“அக்கா, கலக்கியாச்சு. அரை மணி நேரத்துல கல்லாயிரும். அது மேலயே இழுத்துக்கலாம், ஒண்ணும் ஆகாது” என்றான் சசிகுமார்.

“திங்கக்கெழமை சரக்கெடுக்கற பயர் வர்றான். ஆகட்டும் ஆகட்டும்” என்றார் முதலாளி லிங்கசாமி.

அவள் விரலில் தண்ணீர் தொட்டு அந்த இடத்தில் ஒரு சொட்டு வைத்தாள். சொட்டு ஊறவில்லை, எண்ணெய் மேல் உருண்டையாக நின்றது. அதை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான், அவளுக்குப் பொறுமை போய்விட்டது. டேப்பை எடுத்து அந்த மூலையைச் சுற்றி நாலடிக்கு நாலடி ஒட்டினாள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இதை உட்டுப்போட்டுப் பூசுங்க. நாளைக்கு உரிஞ்சா மயிலாத்தா கழுவலம்பீங்க. எண்ணெய் ஊத்துனது அம்மான்னு அப்ப இங்க யாரு சொல்லுவீங்க?”

பக்கெட்டில் கலக்கிய பூச்சு சூடாக ஆரம்பித்தது. சசிகுமார் திட்டிக்கொண்டே பூசினான். பூச்சு டேப்பை நெருங்கியதும் அவள் அந்த மூலையை ஒட்டியிருந்த பின்கதவு வழியே இறங்கி, படியிலேயே உட்கார்ந்து காவல் இருந்தாள்.

திங்கட்கிழமை வந்த பயர் அந்த மொட்டைத் தரையைக் காட்டி என்னவென்று கேட்டிருக்கிறான். லிங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டு, “அது சாமிக்குன்னு உட்ட எடமுங்க” என்றாராம். அதிலிருந்து மற்ற கம்பெனிக்காரர்களும், “எங்களுக்கும் கன்னிமூலையில அதே மாதிரி எடம் உட்டுருங்க” என்று கேட்கிறார்கள். மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பொங்கலும் வந்து போய்விட்டது. லிங்கசாமி கம்பெனித் தரை ஓர் இடத்திலும் எழும்பவில்லை. உரிந்திருந்தால் அன்றைக்கே அவள் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். உரியவில்லை என்று சொல்ல இதுவரைக்கும் ஒருவரும் வரவில்லை.