மாதத்தில் ஒரு ஞாயிறு

நேர்காணல் கேள்விகள் மேல் எனக்கு மரியாதையே கிடையாது. என்ன பதில் வரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். "நைட் டியூட்டி பாப்பீங்களா, சண்டே வருவீங்களா" என்று கேட்டால், "வாரேன் சார்" என்ற ஒரே பதில்தான் அதற்குள் உட்கார்ந்திருக்கும். வேறு எது சொன்னாலும் அதிகப்பிரசங்கி என்பார்கள்.

நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கணவர் இல்லை. இரவு வேலைக்குப் போகும்போது பெண்ணை வீட்டில் தனியாக விட முடியாமல், கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்தும் விடுதி ஒன்றில் சேர்த்திருந்தேன். அங்கே பிள்ளைகளுக்குப் போன் கிடையாது. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும் போய்ப் பார்க்கலாம். அந்த நாளுக்காக அவள் எப்படிக் காத்திருப்பாள் என்று எனக்குத்தான் தெரியும். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். திண்டுக்கல்லிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் ஆள் தேவை என்றார்கள், போனேன்.

வாசலில் 'இரவு பகல் எந்நேரமும் சேவை' என்று பெரிய போர்டு. அதற்குக் கீழேயே சின்ன எழுத்தில் 'டாக்டருக்கு ஞாயிறு விடுமுறை'. ஞாயிற்றுக்கிழமை சேவை செய்யப்போவது யார் என்று உள்ளே போகுமுன்பே புரிந்துவிட்டது.

அறையில் மூன்று பேர். டாக்டர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் நிர்வாகம். பக்கத்தில் மேனேஜர், அந்த வெயிலிலும் கழுத்தில் டை. என் படிப்பையோ அனுபவத்தையோ அவர்கள் யாரும் சீண்டவில்லை. என் பெயரைப் பார்த்ததும் மேனேஜருக்கு மூக்கில் வேர்த்தது.

"கிறிஸ்டியனா? உங்காளுங்க சண்டேன்னா கோயிலுக்குப் போகணும்னு நிப்பீங்களே."

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் பூசைக்குப் போனாலே ஞாயிறு பூசைக்குப் போகவேண்டிய கடன் தீர்ந்துவிடும். அதைப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். "கோயில் எனக்கு ஒரு தடையே இல்ல சார். நைட்டும் எம்புட்டு வேணாலும் போடுங்க."

டை கட்டியவர் முகம் மலர்ந்தது. டாக்டரின் மனைவியும் இளகிவிட்டார்.

"சண்டேல நாங்க ரெண்டு பேருமே ஊர்ல இருக்க மாட்டோம். பையன் கொடைக்கானல்ல ஹாஸ்டல்ல இருக்கான். வாரா வாரம் போய்ப் பாக்கலைன்னா ஏங்கிப் போயிருவான். அதான் நம்பிக்கையான ஆளாப் பாக்குறோம்."

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்றால், அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். பிள்ளையை விடுதியில் விட்டவருக்குப் பிள்ளையை விடுதியில் விட்டவள் கஷ்டம் தெரியும் என்று நினைத்தேன். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் வேண்டும், அதற்குப் பதிலாக எந்த நாள் வேண்டுமானாலும் வருகிறேன் என்று கேட்டேன்.

"சனிக்கிழமையே பூசை முடிஞ்சிரும்னீங்க. அப்பறம் சண்டேல என்ன வேலை?" திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"வீடியோ கால்ல பேசிக்கிறலாமே," என்றார் டாக்டரின் மனைவி.

"அங்க போன் குடுக்க மாட்டாங்க மேடம்."

"அப்ப லீவுக்கு வரும்போது பாருங்க. பிள்ளைங்கதானே, பழகிரும்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார். அவர் வயிற்றில் பிறந்தது ஏங்கும், என் வயிற்றில் பிறந்தது பழகும். இந்த அறிவுக்கு ஏசி அறை, சுழல் நாற்காலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"உங்க பையனுக்கும் அப்படியே பழகிரும்ல மேடம்?"

டாக்டர் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் மனைவி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டையைத் தடவிக்கொண்டு, "நாங்க கூப்பிடுறோம்மா," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்பது வேலை தேடி அலைந்த எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது கோபம் தணிந்து பயம் வந்தது. அடுத்த இடத்திலும் இதையேதான் கேட்பார்கள்.

இரண்டாம் ஞாயிறு வந்தது. கோழி வறுவலும் ஆயக்குடிக் கொய்யாவும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். மரத்தடியில் என் தோளில் சாய்ந்து தின்றுகொண்டே பெண் கேட்டாள்.

"வேலை கெடச்சிருச்சாம்மா?"

"இல்ல தங்கம். எல்லா ஞாயித்துக்கிழமையும் வரச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன்."

வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ வந்த சிரிப்பை மறைக்கத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப அடுத்த மாசமும் வருவல்ல?"

அந்தக் கேள்விக்குள்ளும் ஒரே பதில்தான் உட்கார்ந்திருந்தது. "வாரேன்," என்றேன்.