சொல்லாமல் போன செக்கிங்

1. துரை இறங்க மறுத்தது

நாய்கள் காப்பகத்திலிருந்து ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். நாய் இறங்கவில்லை. பின்னங்காலில் பிளேட் வைத்துத் தைத்திருந்தார்கள். சீட்டில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது.

"தூக்கித்தான் எறக்கணும் சார். அதனாலதான் அவனுக்குத் துரைன்னு பேரு" என்றார் கூட வந்த டாக்டர் நித்யா. கடலூரில் அந்தக் காப்பகத்தை நடத்துபவர் அவர்தான். முதுநகர் ரோட்டில் லாரி அடித்துக் கிடந்தவனை எடுத்து ஆபரேஷன் செய்தவரும் அவரே.

காப்பகத்தில் உதவிக்கென்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஃபாஸ்டர் என்பது தத்து அல்ல. நாய் தேறும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, நிரந்தர வீடு அமைந்ததும் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதும் இந்த வேலையில் ஒரு பாதி. அந்தப் பாதியில்தான் நான் தவறினேன்.

நான் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர், சிதம்பரம் ரூட்டில் என் தலையைக் கண்டால் கண்டக்டர்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். யாரும் எதிர்பார்க்காத ஸ்டாப்பில் புளியமரத்துக்குப் பின்னால் நின்று, பஸ் வந்ததும் ஏறுவேன். அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை.

துரைக்கு முதலில் கேஜ் ரெஸ்ட். கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், குதிக்கக் கூடாது. பிறகு இடுப்பில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து நடத்த வேண்டும். குனிந்து குனிந்து என் முதுகு போயிற்று.

"உங்க அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப இப்படி ஒரு நாள் குனிஞ்சிருப்பீங்களா?" என்றாள் என் மனைவி. துண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் துரை துண்டில்லாமல் நடந்தான். சின்ன நொண்டல் மட்டும் தங்கிவிட்டது.

2. கீரப்பாளையத்து வீடு

சிதம்பரம் பக்கம் கீரப்பாளையத்தில் ஒரு தம்பதி நாய் கேட்டிருந்தார்கள். செல்வி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். அவள் கணவன் ஆறுமுகம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். அறுப்பு வந்தால் வாரக் கணக்கில் வெளியூர். வீட்டுக்கு ஒரு துணை வேண்டும் என்றார்கள்.

"நொண்டி நாய்மா, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"காவலுக்கு ஓட்டப்பந்தயமா வெக்கப் போறோம்? கொரைச்சா போதும் சார்" என்றாள்.

கொண்டுபோய் இறக்கியதும் துரை நேராகப் போய்த் தையல் மெஷினுக்கு அடியில், அவள் பெடல் மிதிக்கும் காலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பஸ் ஏறியபோது ஏதோ பறிகொடுத்தவன் போல இருந்தேன்.

கொடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவருவதும் காப்பகத்து வழக்கம். ஹோம் செக் என்பார்கள்.

"ஃபோன் பண்ணிட்டுப் போங்க சார். அவன் அந்த வீட்டோட ஒட்டணும், அடிக்கடி வேணாம்" என்றார் டாக்டர்.

"சொல்லிட்டுப் போறதுக்குப் பேரு செக்கிங்காம்மா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சொல்லாமலே போனேன். ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, வயல் ஓரமாக நடந்து, கொல்லைப் பக்கமாக எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் இருக்கிறதா, தட்டு கழுவியிருக்கிறதா என்று பார்ப்பேன். குறை ஒன்றும் அகப்படாது. துரை என்னைக் கண்டு துள்ளுவான். அந்தத் துள்ளலுக்காகவே மறுபடியும் மறுபடியும் போனேன். செக்கிங் என்பது ஒரு சாக்கு. இதை இப்போது சொல்ல முடிகிறது.

3. சங்கிலி

ஒரு முறை, போய்வந்த மறுநாளே திரும்பப் போனபோது துரை வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தான். கழுத்து சிவந்திருந்தது.

மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தாள் செல்வி. "சார், ஒரு நிமிஷம் சொல்றத கேளுங்க..."

"வெளக்கமெல்லாம் ஆபீஸ்ல வந்து குடு" என்றேன். கண்டக்டர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். தானாக வந்தது. அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடிவிட்டார்கள். அவர்கள் எதிரிலேயே சங்கிலியை அவிழ்த்து, நாயைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவள் வாசலில் நின்றாள். கையில் யாருடைய ரவிக்கையோ பாதித் தையலில் இருந்தது.

கடலூர் வந்தும் துரை சாப்பிடவில்லை. வாசல் கேட்டுக்கு நேரே படுத்துக்கொண்டு தெருவையே பார்த்தான். டாக்டரிடமிருந்து ஃபோன் வந்தது.

"எதுக்குக் கட்டுனாங்கன்னு கேட்டீங்களா சார்?"

"கழுத்தைப் பாத்தேம்மா."

"நீங்க ஏறிப் போற பஸ்ஸு பின்னாடியே மெயின் ரோட்டுக்கு ஓடுறானாம். ரெண்டாவது தடவ லாரிக்காரன் பிரேக் அடிச்சதுலதான் பொழைச்சான். நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குக் கட்டித்தான் வெக்க வேண்டியிருக்கு. அவன் இழுத்து இழுத்துத்தான் கழுத்து செவந்திருக்கு. வராதீங்கன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல அந்தப் பொண்ணுக்கு வாய் வரல."

ஒரு லாரியிடமிருந்து பிழைத்து வந்தவனை இன்னொரு லாரிக்கு முன்னால் ஓட வைத்திருக்கிறேன்.

4. சொல்லிவிட்டுப் போனது

இந்த முறை ஃபோன் செய்தேன். "வாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள்.

துரையோடு வாசலில் போய் நின்றேன். ஆறுமுகம் நாற்காலி போட்டான். செல்வி மெஷினை விட்டு எழவில்லை.

"தப்பு என்னுதும்மா. ஒன்னக் கேக்காமக் கொண்டுபோனது, நாலு பேரு முன்னாடி அப்படிப் பேசுனது, எல்லாமே."

"ஊரே என்னைய நாயக் கொன்னவ மாதிரி பாத்துச்சு சார். துணி தைக்கக் குடுத்தவங்க கூட, சங்கிலி போட்டு அடிச்சியாமேன்னு கேட்டாங்க. நாய் வேணாம், நீங்களே வெச்சுக்குங்க. நாளைக்கு அவன் தும்முனா கூட எங்கிட்டதான் வெளக்கம் கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

"கேக்காம இருக்க ஒங்களால முடியாது சார்."

உண்மைதான். நான் தலை குனிந்து நின்ற நேரத்தில் கயிறு என் கையிலிருந்து நழுவிவிட்டது. துரை உள்ளே போனான். பெடலுக்குப் பக்கத்தில் ஒருமுறை சுற்றி, பழைய இடத்தில் படுத்து, அவள் கால்மேல் தாடையை வைத்தான். அவள் பெடல் மிதிப்பதை நிறுத்தினாள்.

"எழுந்துருடா, வேல கெடக்கு" என்றாள். அவன் எழவில்லை.

ஆறுமுகம் மெல்ல, "மெஷினு நின்னு போச்சே செல்வி. ஒத்தக் காலால மிதிச்சுப் பாரேன்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே கோபமும் வந்தது. "இருக்கட்டும். ஆனா பொங்கல் வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. பொங்கல் முடிஞ்சு கரிநாளைக்கு வாங்க. ஃபோன் பண்ணிட்டு, முன்வாசல் வழியா வாங்க."

அன்று போலவே வேலியோரம் கூடி நின்றவர்களிடம் நானே போனேன். "சங்கிலி போட்டது நாயைக் காப்பாத்தத்தான். புரியாமப் பேசுனவன் நான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

5. கரிநாள்

அத்தனை நாளும் போகாமல் இருந்தது, வேலையில் இருந்த காலத்தில் நான் செய்த எதையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கரிநாளன்று சொல்லிவிட்டு, முன்வாசல் வழியாகப் போனேன். "வாங்க மாமா" என்றாள் செல்வி. சார் போய்விட்டிருந்தது. துரை யாரோ என்று குரைத்தான். பிறகு முகர்ந்து பார்த்து வாலை ஆட்டினான், கையை நக்கினான். அவ்வளவுதான். சாப்பாடு தயாராகும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்குக் கொஞ்சம் வலித்தது. வலிக்கத்தான் வேண்டும்.

பிள்ளைகளே, நீங்கள் வளர்த்த நாய் உங்களைத் தேடுகிறதா என்று பார்க்கப் போகாதீர்கள். தேடாமல் இருந்தால்தான் நீங்கள் வேலையைச் சரியாக முடித்திருக்கிறீர்கள். கேட்க வேண்டியதை அந்த வீட்டு மனிதர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

சாயங்காலம் மெயின் ரோட்டில் பஸ் ஏறினேன். ஏறியதும் கடைசி சீட்டுக்குப் போய்ப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆறுமுகம் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ரோடு காலியாக இருந்தது. வளைவு திரும்பும்வரை பார்த்தேன். யாரும் ஓடி வரவில்லை.