ஆபீஸ் கணினியிலிருந்து பெரட்டுக்கு

புக்கிட் பெலண்டோக் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, வேலை செய்கிறேன். அந்த ஆபீஸில் கிராணி நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். என் அம்மா அதே தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி மருந்தடித்தவர். இப்போது என்னோடு இருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில் ஆபீஸ் கணினியில் நானே ஒரு டேட்டாபேஸ் உருவாக்கினேன். எந்த பிளாக்கில் எப்போது குலை வெட்டினார்கள், எங்கே உரம் போட்டார்கள், எங்கே மருந்தடித்தார்கள் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. பிளாக் எண்ணைத் தட்டினால் போதும், எல்லாம் வந்து நிற்கும். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கோப்புகளைப் புரட்டிப் புரட்டி அலுத்துப்போய் நானாகச் செய்தது. மேனேஜர் பார்த்துவிட்டுப் பாராட்டினார்.

ஆனால் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் அது திறக்கும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதை எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்போம். பெரட்டு முடிந்ததும், ஆட்களை வேலைக்குக் கூட்டிப் போகும் மண்டோர்கள் என் ஜன்னலுக்கு வருவார்கள். எந்தப் பக்கம் போகலாம், எங்கே போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டு போவார்கள். ஜன்னல் மூடியிருந்தால் அவர்கள் தங்கள் ஞாபகத்தை நம்பிப் போகவேண்டியதுதான்.

ஒருநாள் மூடியிருந்தது. என் மகளுக்குக் கடுமையான காய்ச்சல். லீவு சொல்லிவிட்டுச் சிரம்பான் மருத்துவமனையில் அவளோடு இருந்தேன். அன்று குலை வெட்டும் மண்டோர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன பிளாக்கில் முந்தின நாள்தான் மருந்தடித்திருந்தார்கள். புல் ஈரத்தில் நடந்த ஒரு இந்தோனேசியத் தொழிலாளிக்குக் கண் எரிச்சலெடுத்து, வாந்தியும் வந்துவிட்டது. வேனில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் தேறிவிட்டார். மண்டோர் எனக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். குற்றம் சாட்டும் குரல் இல்லை.

"அங்க மருந்து அடிச்சது எங்களுக்குத் தெரியாது, கிராணிம்மா. ஒங்க கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அந்தத் தொழிலாளி எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

"நாங்க மருந்து அடிச்சிட்டு வந்த காட்டுல மறுநாளே ஆளு எறங்கி வேல செய்வாங்க. யாரும் யாருக்கும் சொன்னதில்ல. ஒன் கம்ப்யூட்டருக்குத் தெரியும்னா, அத வாய் தொறந்து சொல்ல வையேன்."

மறுவாரம் மேனேஜரைப் பார்த்தேன். டேட்டாபேஸை இணையத்தில் ஏற்றிவிட்டால் மண்டோர்கள் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தலைமை அலுவலகம் பெரிய சிஸ்டம் ஒன்று வாங்கப் போகிறது, பொறுத்திரு என்றார். அது வரும்போது வரட்டும், எங்கள் டிவிஷனில் மட்டும் செய்து பார்க்கிறேன் என்று நின்றேன். ஆட்களின் சொந்த விவரம் எதுவும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு அம்பாங்கானில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்தேன். முதல் நாளே அவள் ஒரு கெட்ட செய்தி சொன்னாள். அட்டவணைகளைச் சர்வருக்கு மாற்றலாம், ஆனால் நான் பார்த்துப் பார்த்துச் செய்த திரைகளும் பொத்தான்களும் கூட வரா. அவற்றை வலைப்பக்கங்களாகப் புதிதாக எழுத வேண்டும். எனக்கு அழுகை வராத குறை. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஜன்னலில் மண்டோர்கள் என்னிடம் கேட்பது மொத்தமே இரண்டு கேள்விகள்தான்: இன்றைக்கு எங்கே வெட்டலாம், எங்கே மருந்து. அந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் ஒரு பக்கத்தை முதலில் எழுதினோம்.

அட்டவணைகளை ஏற்றித் திறந்தால், பிளாக்குகளின் பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். எங்கள் பிளாக்குகளுக்கு எண் உண்டு. ஆனால் ஆட்கள் கோயில் மேடு, ஆத்தங்கரை, பாம்புப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். நானும் தமிழில் அப்படியே பதிந்திருந்தேன்.

"மலாய்லயே வச்சிருவோம் லா. ஈசியா முடிஞ்சிரும்" என்றாள் தோழி.

மலாயும் இருக்கட்டும், தமிழும் இருக்க வேண்டும் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள், ஆனால் விட்டுவிடவில்லை. அட்டவணையில் பெயர்களுக்கான பத்தி தமிழ் எழுத்தை ஏற்காத வகையில் அமைந்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினோம். மறுபடி ஏற்றினோம். ஆத்தங்கரை முதலில் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. இரண்டு பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். அவள் கணவர் என்னவோ ஏதோவென்று அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

ஒவ்வொரு மண்டோருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுத்தேன். மருந்து மண்டோர் வேலை முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த பிளாக் சிவப்பாகிவிடும். உள்ளே போகலாம் என்கிற நேரம் வரும் வரை சிவப்பாகவே இருக்கும். பள்ளத்துப் பக்கம் லைன் கிடைக்காது என்பதால் படங்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பக்கத்தை இலேசாக்கினேன். பெரட்டு நடக்கும் இடத்திலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

முதல் நாள் விடியுமுன்பே போய் ஓரமாக நின்றுகொண்டேன். வெட்டு மண்டோர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் மலாயில், மேட்டுப் பக்கம் வேண்டாம், அங்கே மருந்து, ஆற்றோரம் போவோம் என்றார். மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிப் போயின. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நான் தேவைப்படாமல் போன அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

அம்மாவிடம் என் போனில் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். பாம்புப் பள்ளம் வந்ததும் நின்றார். அங்கேதான் அவர் அதிகம் மருந்தடித்திருக்கிறார். அன்றைக்கு அது சிவப்பாக இருந்தது. "இப்பதான் ஒரு மரியாத வந்திருக்கு" என்றார். மருந்தடிக்கிறவர்களுக்கா, உள்ளே போகிறவர்களுக்கா என்று நான் கேட்கவில்லை. மாலையில் போனை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனவர் அரை மணி நேரம் திரும்பி வரவில்லை.

சில மாதங்கள் கழித்துத் தலைமை அலுவலகத்து அதிகாரிகள் வந்தார்கள். பெரட்டில் மண்டோர்கள் போன் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, எந்த நிறுவனம் செய்து கொடுத்தது என்று மேனேஜரிடம் கேட்டார்கள்.

"நிறுவனமில்ல. என் கிராணி" என்றார் அவர்.

என்னைக் கூப்பிட்டுத் திறந்து காட்டச் சொன்னார்கள். அவர்களில் கணினிப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருவர் நிறையக் கேட்டார். போன் தொலைந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவரே வழியும் சொல்லிக் கொடுத்தார். அந்த வாரமே சரிசெய்தேன். அன்று அவர் கிளம்பும்போது, பக்கத்துத் தோட்டத்துக்கும் இதை அமைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று யோசிக்காமல் சொன்னேன்.

இப்போது அங்கேயும் ஓடுகிறது. அங்குள்ள இந்தோனேசிய மண்டோர் ஒருவர் வெயிலில் எழுத்து தெரியவில்லை, பெரிதாக்கிக் கொடுங்கள் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். கூடவே வங்காளத் தொழிலாளர்களுக்காக அவர்கள் மொழியிலும் வேண்டுமாம். எழுத்தை நேற்றே பெரிதாக்கிவிட்டேன். வங்காள மொழிக்கு ஆள் பிடித்துவிட்டேன். அவர் எழுதிக் கொடுத்த சொற்களை இன்று ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.