பிரேம்சிங் ஜீப்பில் போடக்கூடாத பாட்டு

போடியில் பிரேம்சிங்குக்கு எரிச்சல் வராத நாளில்லை. எல்லாம் பாட்டால் வந்த வினை. அவன் ஜீப்பில் போடுவது மெட்டல் பாட்டு. அதிலும் காது கிழிகிற முரட்டு ரகம். அந்த முரட்டு ரகத்துக்குள்ளேயே பல வகை உண்டு, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அவன் தொண்டை வறளச் சொன்னாலும், கேட்க ஊரில் ஒரு காது கிடையாது. அம்மா சாராள் கேட்டதும் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவாள். அப்பா யோசேப்பு காலமெல்லாம் அதே ஜீப்பை மலையேற்றியவர். ஒருநாள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போயிருச்சுடா, வெரசா பாரு" என்றார்.

பெங்களூரில் கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தபோது பிடித்த கிறுக்கு இது. அப்பாவுக்கு முட்டி தேய்ந்து, ஜீப்பை ஓட்ட ஆளில்லாமல் ஊருக்குத் திரும்பினான். கிறுக்கும் கூடவே வந்து இறங்கியது. பெண் பார்க்கப் போன இடத்தில், என்ன பாட்டு பிடிக்கும் என்று அந்தப் பெண் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள். பலகாரம் ஆறிப்போகும் வரை விளக்கினான். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

தினமும் காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவதுதான் அவன் பிழைப்பு. எந்த ஜீப்பில் போவது என்பது தோட்டக்காரர் கையில் இல்லை. ஆட்களைத் திரட்டிக் கூட்டி வரும் அய்யம்மாள் எந்த வண்டியின் முன்சீட்டில் உட்காருகிறாளோ, மற்றவர்கள் அதில்தான் ஏறுவார்கள். அவள் இறங்கிவிட்டால் வண்டி ஸ்டாண்டில் நின்று வெயில் காய வேண்டியதுதான்.

அந்த அய்யம்மாள்தான் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். கூட வரும் பேச்சிக்கு வளைவுகளில் வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே எப்படியோ மேலே போய்ச் சேர்ந்துவிடுவாள். இந்தப் பாட்டு வந்த பிறகு, மலையடிவாரத்து முந்தலைத் தாண்டுமுன்பே குடல் புரள்கிறது. பாட்டை நிறுத்து, இல்லையென்றால் நாங்கள் ஸ்டாண்டில் அடுத்து நிற்கும் விஜயகுமார் வண்டிக்குப் போகிறோம் என்றாள்.

புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். இவன் விளக்கப் புறப்பட்டான். மறுநாள் முந்தலில் டீக்கு நிறுத்தியபோது, ஒவ்வொரு வகையாகப் போட்டுக் காட்டினான். டெத் என்றால் குரல் அடிவயிற்றிலிருந்து உறுமும். பிளாக் என்றால் ஊளை உச்சிக்கு ஏறும், கிதார் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இரையும். கிரைண்ட் என்றால் தும்மி முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். பெண்கள் டீயை ஊதிக்கொண்டு கேட்டார்கள். எல்லாம் நாய் கடித்தவன் கத்துவது போலத்தான் இருக்கிறது என்றாள் அய்யம்மாள்.

"ஏலத்துல ஏழு எம்எம் காயும் எட்டு எம்எம் காயும் ஒண்ணாக்கா? பிரிச்சுத்தான பாக்குறீங்க?"

"காயி வயித்தக் கலக்காதுல்ல அப்பு" என்றாள் பேச்சி.

அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கடைசியாக டூம் என்ற வகையைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அது ஆமை வேகம். ஒரு அடி விழுந்து, அது ஓய்ந்து, நாம் மறந்த பிறகுதான் அடுத்த அடி விழும். அன்றைக்குப் பேச்சி வாந்தி எடுக்கவில்லை. கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போய், போடிமெட்டில் குளிர் அடித்த பிறகுதான் கண் விழித்தாள்.

அதற்குப் பிறகு பெண்களுக்கும் வகை பிடிபட்டது. டூம், தொப்பு தொப்பென்று மூட்டை இறக்குகிற பாட்டு. டெத் வாய் கொப்பளிக்கிற பாட்டு. பிளாக்கும் கிரைண்டும் ஒரே குவியல், ஊளை. அந்தக் குவியலைத்தான் பிரேம்சிங்கால் பொறுக்க முடியவில்லை. இரண்டும் வேறு என்று வளைவுக்கு வளைவு சண்டை போட்டான். பேச்சியைக் கேட்டால் ரெண்டும் வாந்திதான் என்று முடித்துவிடுவாள்.

இதில் இன்னொரு கஷ்டம், டூம் அவனுக்கே பிடிக்காது. தினமும் அதையே கேட்டு ஸ்டியரிங்கில் கொட்டாவி விட்டான். ஒருநாள் தாங்கமாட்டாமல் புதிதாக ஒன்றைப் போட்டு, இதுவும் டூம்தான் என்று சொல்லிவைத்தான். ஆரம்பம் மூட்டை இறக்குவதுதான். நடுவில் டெத் மாதிரி உறுமி, வெறி பிடித்து ஓட்டமெடுக்கும் என்று அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரந்தானே என்று விட்டுவிட்டான். பாட்டு ஓட்டமெடுத்த நேரம் வண்டி வளைவில் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த பேச்சி திடுக்கிட்டு எழுந்து, முன்சீட்டில் இருந்த அய்யம்மாளின் தோளிலும் சோத்து வாளியிலும் வாந்தி எடுத்துவிட்டாள்.

ஓரமாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அய்யம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"டெத்து வேற டூமு வேறன்னு எங்கள அந்த வாங்கு வாங்குனியே. இப்ப நீ எதுக்குடா ரெண்டையும் கலந்த?"

"அப்படியும் ஒரு வகை இருக்குக்கா."

மறுநாள் அவர்கள் விஜயகுமார் வண்டியில் ஏறிப் போனார்கள். அதற்கடுத்த நாளும் போனார்கள். ஜீப் ஸ்டாண்டிலேயே கிடந்தது. யோசேப்பு மகனோடு பேச்சை நிறுத்தினார். டீசல் போடக் கையில் காசில்லாத நிலையில் பிரேம்சிங் அய்யம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றான். பாட்டுப் பெட்டியையே கழற்றிவிடுவதாகச் சொன்னான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். விஜயகுமாரின் குத்துப்பாட்டிலும் பேச்சிக்கு அதே கதைதான். பாட்டில்லாமல் சும்மா போனாலும் வரும். அந்த மூட்டைப் பாட்டு ஒன்றுக்குத்தான் அவள் வாந்தி கட்டுப்படுகிறது. ஆனால் வகை சொல்லும் உன் வாயை நம்பமாட்டேன், தினமும் ஸ்டாண்டில் பாட்டை முழுசாகப் போட்டுக் காட்டு, நான் கேட்டுச் சரி என்றால்தான் வண்டி நகரும் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு வந்தான்.

டூம் பாட்டின் நீளம் அவளுக்குத் தெரியாது, ஒன்று முடிவதற்குள் வண்டி மேலே போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் காலையில் அய்யம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் அடி விழுந்தது. வெகுநேரம் கழித்து இரண்டாவது விழுந்தது. பின்னால் பேச்சி அப்போதே தூங்கிவிட்டாள். விஜயகுமார் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி கடந்து போனான். பிரேம்சிங் சாவியைத் திருகுவதும் விடுவதுமாக இருந்தான்.

"அக்கா, சத்தியமா இது முழுக்க மூட்டைதான். கெளம்புவமா? மேல தோட்டத்துல மேஸ்திரி வையப்போறாரு."

"முடியட்டும்."

"இன்னும் கால்வாசிகூட ஆகலக்கா."

"பேசாம இருடா. நீ பேசுனா, அது ஓட்டமெடுக்குறது எனக்குக் கேக்காது."